முன் அச்சு

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பழையது எதுவும் ஆகாது. பல் செட் கட்டிக்கொள்ள வருகிறவனிடம், "பல் போறதுக்கு முன்னால வாய் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் போனைத் தடவி எவனோ ஒரு நடிகன் சிரிப்பதைக் காட்டுகிறான். இதே மாதிரி வேண்டுமாம். அந்தப் பல்லை உன் வாயில் மாட்டினால் குதிரை வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று சொன்னால், முகம் சுருங்கி வேறு ஆளைத் தேடிப் போகிறான். ஒரு நாளைக்கு நூறு தரம் தன் மூஞ்சியைத் தானே படம் பிடிக்கிற ஜனம், போன வருஷம் உன் மூஞ்சி எப்படி இருந்தது என்று கேட்டால் முழிக்கிறது.

நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். ஒரு பல் டாக்டரின் பின்னறையில் பிளாஸ்டர் குழைக்கச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே பல் செட் கட்டக் கற்றுக்கொண்டேன். நாற்பத்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது வீட்டு முன்னறைதான் பட்டறை. எனக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று. பிடுங்குவதற்கு முன்னால், வெட்டுவதற்கு முன்னால், இருக்கிறதை அச்சு எடுத்து வைத்துக்கொள். அதைத்தான் முன் அச்சு என்போம். பல் கோணலாக இருக்கட்டும், பாதி உடைந்திருக்கட்டும். அந்தக் கோணல்தான் அந்த ஆளின் உதட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. முன் அச்சு இல்லாமல் பிடுங்கிவிட்டால் அப்புறம் அவன் பெண்டாட்டிக்கே அவனை அடையாளம் தெரியாது.

சுவர் நீளத்துக்கு அலமாரி. அதில் அச்சுகள் வரிசையாக இருக்கும். மனிதர்களின் பெயர் எனக்கு நிற்காது, தொழில் நிற்கும். அதனால் பின்பக்கம் பென்சிலால் அதையும், மேல் தாடையா கீழ்த் தாடையா என்பதையும்தான் எழுதுவேன். தபால்காரர் மேல். டீச்சர் கீழ். லாரி டிரைவர் மேல் கீழ். பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பல் இருக்கிறது. "காலையில கண்ணு முழிச்சா அறுபது பேர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டறான்" என்று திட்டிக்கொண்டே என் மனைவி தூசி தட்டுவாள்.

அந்த அலமாரிக்குக் கீழே உட்கார்ந்துதான் எங்கள் ஒரே பிள்ளை பாடம் எழுதியது. பழுதான அச்சுகளைச் சுத்தியலால் உடைத்துச் சாக்கில் போடுகிற வேலையை அதற்குக் கொடுத்திருந்தேன். அதில் அப்படி ஒரு குஷி. கண்ணைப் பொத்திக்கொண்டு உட்காரும். நான் ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட, இது மஞ்சள் பிளாஸ்டர், இது வெள்ளை, இதில் உள்ளே குமிழி இருக்கிறது என்று சொல்லும். அம்மாவும் பக்கத்தில் இருந்து கைதட்டுவாள்.

பிள்ளை என்றே எழுதுகிறேன். மகன் என்றால் அதற்குப் பிடிக்காது. மகள் என்று எழுத எனக்குக் கை வராது. பத்தொன்பது வயதில், "நான் பொண்ணுப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் போனது. நான் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. அம்மாக்காரி மட்டும் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்த அன்றைக்கு என்னோடு நன்றாகப் பேசுவாள். அதிலேயே தெரிந்துவிடும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் இறந்தாள். பிள்ளைக்கு ஆள் விட்டேன். வரச் சொல், ஆனால் சட்டை பேன்ட் போட்டுக்கொண்டு வரச் சொல் என்றேன். வந்தது. யாரிடமோ இரவல் வாங்கிய சட்டை, தோளில் நிற்காமல் தொங்கியது. கூந்தலைச் சுருட்டித் தொப்பிக்குள் அடக்கியிருந்தது. நாள் முழுக்க வாசலில் நின்றது. வந்தவர்கள் எல்லாம், ஒரே மகன், பாவம் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி. அதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தரம் வரும். என் மாத்திரைகளை வாங்கி வைக்கும், ஒரு டம்ளர் காபி குடிக்கும், போகும்.

போன மழைக்காலம் முடிகிற சமயத்தில் கூட ஒருத்தியை அழைத்துக்கொண்டு வந்தது. நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம். ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை. எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்களாம், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவளும் பிள்ளை மாதிரிதான். ஆனால் முகத்தில் ஏற்கனவே கத்தி வைத்துக்கொண்டவள்.

பிள்ளையும் அதையே செய்துகொள்ளப் போகிறதாம். டாக்டர் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்ததாக ஒரு படத்தைப் போனில் காட்டியது. ஒரு பெண் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி வழவழவென்று இருந்தது. தாடை குறுகி இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. யார் வீட்டுப் பொண்ணு?" என்றேன்.

பிள்ளை போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னது. நெற்றி எலும்பைச் சீவுவார்களாம். முடி தொடங்குகிற இடத்தைக் கீழே இறக்குவார்களாம். மூக்கைக் குறைப்பார்களாம். தாடையின் இரண்டு மூலையையும் முகவாயையும் அறுத்துச் சிறிதாக்குவார்களாம்.

"அப்ப என்னதான் மிச்சம் விடுவாங்க?"

"கண்ணு மிச்சம் இருக்கும் மாமா," என்றாள் நெட்டை. "அழறதுக்கு வேணும்ல."

கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, அதில் கத்தி பட்டால் உதடு செத்துப்போகும், உனக்கு அறுக்கப் போகிற பொடியனுக்கு அது தெரியுமா என்று கேட்டேன். அவர் பொடியன் இல்லை, பெரிய டாக்டர் என்றது பிள்ளை. நரம்பைப் பற்றி அதற்குத் தெரியும். நானே சொல்லிக் கொடுத்ததுதான், மறந்துவிட்டேன்.

எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். இத்தனை வருஷம் இந்த முகத்தோடு காலம் தள்ளவில்லையா?

பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைச் சோதித்து, பிரேம் எடுத்துக் கொடுத்து, மாட்டிப் பார்க்கிற வேலை. "கண்ணாடியை மாட்டிவிட அவங்க முகத்துக்கு முன்னால ஒரு சாண் தூரத்துல போகணும்பா," என்றது. "அது வரைக்கும் நல்லாத்தான் பேசுவாங்க. அந்த ஒரு சாண்ல என் தாடையைப் பார்ப்பாங்க. பார்த்ததும் கழுத்தைப் பின்னால இழுத்துக்குவாங்க. ஒரு நாளைக்கு முப்பது பேர். எட்டு வருஷம்."

நான் சும்மா கையிலிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறவர் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் மூன்று வாரம் ஒரு வீட்டில் படுத்திருக்க வேண்டும். நெட்டையே போடட்டுமே என்றேன். "அவங்க போடுவாங்க. நான் உங்களைக் கேக்கறேன்," என்றது பிள்ளை.

அப்போதுதான் நான் என் கண்டிஷனைச் சொன்னேன். முன் அச்சு எடுக்க விட்டால் கையெழுத்துப் போடுகிறேன். பல் மட்டும் இல்லை, நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் முழு முகம். எந்த டாக்டரையும் நம்பி எதையும் வெட்டக் கொடுக்கக் கூடாது. நாளைக்கு ஏதாவது கோணலாகிப் போனால், முதலில் என்ன இருந்தது என்று காட்ட ஒன்று வேண்டாமா?

பிள்ளை வேண்டாம் என்றது. படங்கள் எடுத்திருக்கிறார்கள், எலும்பையே ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள் என்றது. படம் தட்டை, அதில் விரலை வைத்தால் ஒன்றும் தெரியாது என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டை தோளைக் குலுக்கினாள்.

"சரி," என்றது பிள்ளை. "ஆனா எல்லாம் நல்லபடியா முடிஞ்சதும் அதை உடைச்சிடணும். நீங்களே உடைக்கணும், என் முன்னால. பின்னால ஒண்ணும் எழுதவும் கூடாது."

"ஆகட்டும்."

"அம்மா மேல சொல்லுங்க."

"உங்க அம்மா மேல," என்றேன். அந்த நிமிஷம் உடைப்பதாகத்தான் இருந்தேன். இதையும் மறைக்கவில்லை.

மறுநாள் காலையில் நாற்காலியைச் சாய்த்துப் படுக்க வைத்தேன். கூந்தலைத் துணியால் இறுக்கிக் கட்டினேன். புருவத்துக்கும் இமைக்கும் வாசலின் தடவினேன். மூக்கில் இரண்டு ஸ்டிரா. குழைத்தால் ரப்பர் மாதிரி இறுகுகிற அச்சுப்பொடியைப் பெரிய கிண்ணத்தில் குழைத்துக் கன்னத்திலிருந்து மேலே மேலே அப்பினேன். வாயைத் திறக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, ஏதாவது வேண்டும் என்றால் கையைத் தூக்கு என்று சொல்லிவைத்தேன். மேலே பிளாஸ்டரில் நனைத்த துணிப்பட்டைகளைப் போட்டு மூடியதும் உள்ளே ஆள் இருக்கிற அடையாளமே இல்லை. இரண்டு ஸ்டிராவிலும் மூச்சு மட்டும் வந்து போனது. ஒரு ஸ்டிராவின் நுனிக்கு நேராக விரலை வைத்துக்கொண்டே நின்றேன். சூடாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

பன்னிரண்டு வயதுக்கு மேல் அந்த முகத்தை நான் தொட்டதில்லை. வாசலின் தடவும்போதுதான் கவனித்தேன். இடது புருவத்துக்கு மேலே அம்மை போட்டபோது விழுந்த குழி. புருவ எலும்பு என்னுடையது. தாடை என் அப்பாவுடையது. கோபம் வந்தால் அவர் அதைப் பெட்டி மாதிரி முன்னால் தள்ளுவார். எங்கள் பரம்பரையில் சொத்து என்று வேறு எதுவும் வந்ததில்லை.

இறுகியதைக் கழற்றி, உள்ளே வெள்ளை பிளாஸ்டர் ஊற்றினேன். காய்ந்த பிறகு திறந்து பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளை. குழி இருந்தது. ஒரு இமை மயிர் பிளாஸ்டரில் ஒட்டிக்கொண்டு நிஜமாகவே இருந்தது. பின்பக்கத்தைத் தேய்த்து மட்டமாக்கினேன். எழுதாமல் வைத்தால் மற்றதோடு கலந்து போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பென்சிலை எடுத்தேன். அறுபது தாடைக்கு நடுவில் ஒரு முழு முகம் எப்படிக் கலந்து போகும்? இருந்தாலும் எழுதினேன். மகன்.

அலமாரியில் மெழுகு டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சொன்னபடி கையெழுத்துப் போட்டேன். டாக்டர் கைகள் மெலிந்தவர், என்னைவிட இருபது வயது சிறியவர். நரம்பைப் பற்றிக் கேட்டேன். எங்கே ஓடுகிறது, எங்கே வெளியே வருகிறது என்று என் தாடையிலேயே விரலை வைத்துக் காட்டினேன். நீங்கள் யார் என்று கேட்டார். பல் செட் கட்டுகிறவன் என்றேன். கவனமாக இருப்பேன் ஐயா, ஆனால் உதடு மரத்துப்போகாது என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அவரைக் கொஞ்சம் நம்பினேன். ஒன்பது மணி நேரம் ஆனது. நெட்டை வாங்கி வந்த ரொட்டியை இரண்டு பேரும் தொடவில்லை.

நாலாவது நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். காதிலிருந்து காது வரைக்கும் நெற்றியில் தையல். மூக்கின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. கன்னம் கழுத்தோடு சேர்ந்துவிட்டது. கண் இரண்டும் கீறல் மாதிரி. மஞ்சளும் நீலமுமாக வீங்கியிருந்ததைப் பார்த்தபோது, எவன் அடிச்சான் என்று கேட்கத்தான் வாய் வந்தது. காசு கொடுத்து அடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது என்று நெட்டையிடம் சொன்னேன். "நானும் இப்படித்தான் மாமா பூசணிக்காய் மாதிரி இருந்தேன். இப்ப பாருங்க, புடலங்காய்," என்றாள். பிள்ளை சிரிக்கப் போய், தையல் இழுத்து, கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னது.

சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். சாப்பாடு எல்லாம் நீராகத்தான். மூக்கில் எதுவும் உட்காரக் கூடாது என்பதால் ஆறு வாரத்துக்கு மூக்குக்கண்ணாடி போட முடியாது. கண்ணாடி இல்லாவிட்டால் பிள்ளைக்கு எதிரில் நிற்கிற ஆள் வெறும் நிழல்தான். பால் குடிக்கும்போது இடது உதட்டோரம் வழியும், அதற்கே தெரியாது. நான் துண்டால் ஒற்றுவேன். நரம்பு என்பேன். வந்துரும்பா என்னும்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மதியம், "அப்பா, அச்சு," என்றது.

தெரியாத மாதிரி, எது என்றேன்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சில்ல. உடைச்சிடுங்க."

எழுந்து அலமாரிக்குப் போனேன். மெழுகு டின்னுக்குப் பின்னால் கையை விட்டேன். குழி விரலில் பட்டது. கையை வெளியே எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த தபால்காரர் மேல் அச்சை எடுத்தேன். அவர் செத்துப் பதினோரு வருஷம், இனி அவருக்குப் பல் செட் தேவைப்படாது. பிள்ளையின் நாற்காலிக்கு முன்னாலேயே தரையில் சாக்கை விரித்து, அதன் மேல் வைத்து, சுத்தியலால் ஒரு போடு போட்டேன். மூன்று துண்டாகப் போனது. இன்னும் இரண்டு போட்டேன், தூளாகட்டும் என்று.

பிள்ளை அந்தக் கீறல் கண்ணால் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம், "தேங்க்ஸ்பா," என்றது.

மனைவி செத்த அன்றைக்கு வந்த அதே நிம்மதி எனக்கு வந்தது.

வாரம் இரண்டு ஓடியது. நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகியது. தையல் பிரித்தார்கள். நெட்டை வேலை முடிந்து வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றி விட்டுப் போவாள். ஒரு நாள் என்னை வம்புக்கு இழுத்தாள். "என்னை மட்டும் வாய் நிறைய அவ, இவங்கறீங்க. சொந்தப் பிள்ளையைச் சொல்ல மட்டும் வாய் வலிக்குதா?"

"உன் பழைய மூஞ்சி எனக்குத் தெரியாதே," என்றேன்.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிள்ளை அவ்வப்போது முகம் பார்க்கிற கண்ணாடியை முகத்துக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பார்க்கும். பார்த்துவிட்டு, "இப்ப யார் மாதிரிப்பா இருக்கேன்?" என்னும். அது என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியும். வாயின் ஓரத்தில், கன்னம் வந்து முடிகிற இடத்தில், அம்மாக்காரியின் சாயல் அப்போதே கொஞ்சம் தெரிந்தது. ஆனால் அதை நான் சொல்லிவிட்டால் இந்த வெட்டு எல்லாம் சரி என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? "வீக்கம் வடியட்டும்," என்பேன். ஐந்து தரமாவது சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் கேட்டது, இரண்டு தரம். சும்மா பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி. "அந்த அச்சை உடைச்சிட்டீங்கல்லப்பா?" உன் முன்னால்தானே உடைத்தேன் என்றேன். ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டது.

இருபத்து மூன்றாம் நாள் கிளம்புவதாக இருந்தது. பையைக் கட்டி வைத்துவிட்டு, நான் ஒரு கீழ்த்தாடைக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தபோது, பிள்ளை எழுந்து நேரே அலமாரிக்குப் போனது. கண்ணாடி இல்லாத ஆள், விரலால் தடவிக்கொண்டே போனது. மேல் தட்டு, நடுத் தட்டு. மெழுகு டின் நகர்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டிக்கொண்டே இருந்தேன், கத்தி சிவக்கிற வரைக்கும்.

திரும்பியபோது அது அச்சை மார்போடு வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அதன் தாடையை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் திருப்பி, பின்பக்கத்தைக் கண்ணுக்கு ஒட்டிக் கொண்டுபோய்ப் படித்தது. படிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"அன்னைக்கு உடைச்சது மஞ்சள்," என்றது. "தட்டின உடனேயே தெரிஞ்சிருச்சு. மணி மாதிரி கேட்டுச்சு. வெள்ளை மொத்து மொத்துன்னுதானே கேக்கும்."

அறுபது அச்சும் பார்த்துக்கொண்டிருந்தன.

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். இல்லாட்டி நான் தூங்கறப்பவாவது உடைப்பீங்கன்னு."

"தபால்காரர்து," என்றேன். வேறென்ன சொல்ல?

"பாவம், நல்ல மனுஷன்," என்றது. சிரிக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் சொன்னது. மேசையில் அச்சை என் முன்னால் வைத்தது. சுத்தியலையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தது.

"அம்மா செத்த அன்னைக்குச் சட்டை போட்டுக்கிட்டு வந்தேன்," என்றது. "ஒரு நாள்தானே, அப்பாவுக்காகன்னு நினைச்சேன். அம்மாவைக் கடைசியா நான் நானா நின்னு பார்க்கலை. நீங்க சட்டை போட்ட அந்த ஆளைப் பிளாஸ்டர்ல ஊத்தி வீட்டுக்குள்ளயே வச்சிக்கிட்டீங்க. இதை நானே உடைக்கலாம். எனக்கு வேண்டியது அது இல்ல."

சுத்தியலைக் கையில் எடுத்தேன். எடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அச்சு கண்ணை மூடிக்கொண்டு மேலே பார்த்துக் கிடந்தது, அந்த ஒரு இமை மயிரோடு. ஸ்டிராவில் மூச்சு வந்தது ஞாபகம் வந்தது. அந்த மூச்சு விட்ட பிள்ளை எதிரிலேயே நிற்கிறது என்று என் அறிவுக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை. வாக்குவாதம்தான் வந்தது. பத்து வருஷம் கழித்து அந்த எலும்பு உள்ளே இறங்கினால் என்ன செய்வாய், எதை வைத்துச் சரி பண்ணுவாய், முன் அச்சு இல்லாமல் எந்த மடையனாவது வெட்டுவானா என்று பேசிக்கொண்டே போனேன்.

பிள்ளை முழுக்கக் கேட்டது. நான் முடித்ததும் என் கையிலிருந்து சுத்தியலை வாங்கி அதன் ஆணியில் மாட்டியது. அச்சைத் தடவிப் பார்த்து எடுத்து, தூசியைத் தன் துப்பட்டாவால் துடைத்து, மெழுகு டின்னுக்குப் பின்னால் அதே இடத்தில் வைத்தது. என் மாத்திரை டப்பாவில் ஏழு நாளைக்கும் மாத்திரை இருக்கிறதா என்று விரலால் எண்ணியது. நெட்டை வந்து பையைத் தூக்கிக்கொண்டாள். இரண்டு பேரும் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கண்ணாடி இல்லாமல் நான் தெரிந்திருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் மாத்திரை வந்தது. நெட்டை கொண்டுவந்தாள். அதற்கடுத்த மாதமும் அவளேதான். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை.

மூன்றாம் மாதம் நானே கிளம்பினேன். அச்சைப் பழைய துண்டில் சுற்றி, துணிப் பையில் போட்டுக்கொண்டேன். நானே உடைக்க முடியாது, கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம், அது என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று நினைப்பு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரன், பையில் என்ன, தர்பூசணியா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

கண்ணாடிக் கடைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர், உள்ளே நன்றாகத் தெரிந்தது. ஒரு பெண் வயதான ஒருவருக்குப் பிரேம் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்து, நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிரேமின் காதுப் பக்கத்தை நிமிர்த்தினாள். என் மனைவி ஊசியில் நூல் கோக்கும்போது அப்படித்தான் செய்வாள். யாரோ நல்ல வேலைக்காரி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாண் தூரம்தான் இருக்கும் இரண்டு முகத்துக்கும். கிழவர் கழுத்தைப் பின்னால் இழுக்கவில்லை. ஏதோ சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கைக்குட்டையால் இடது உதட்டோரத்தை ஒற்றினாள்.

அப்போதுதான் பிள்ளை என்று தெரிந்தது.

பையைக் கை மாற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். நான் கதவுக்கு வருவதற்குள் அது பார்த்துவிட்டது. கிழவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தது. புதுக் கண்ணாடி போட்டிருந்தது, மெல்லிய பிரேம். வீக்கம் முழுக்க வடிந்திருந்தது. வேலை சுத்தம், அதைச் சொல்லியாக வேண்டும். பல் செட் கட்டுகிறவன் கண்ணுக்குக் கோணல் எதுவும் படவில்லை, அந்த உதட்டைத் தவிர.

வெயில்ல ஏன்பா வந்தீங்க, சாப்பிட்டீங்களா என்று கேட்டது. சாப்பிட்டேன் என்றேன். அதன் கண் பைக்குப் போனது. கனத்தில் பை தொங்குகிற விதத்தைப் பார்த்தே புரிந்துகொண்டது. பிளாஸ்டர் வீட்டில் வளர்ந்த பிள்ளை.

"உடைச்சிட்டீங்களா?"

"கொண்டுவந்திருக்கேன்," என்றேன். "நீயே வச்சிக்க."

அது கையை நீட்டவில்லை. உள்ளே கிழவர் பிரேமைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை ஒரு தரம் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என் சட்டைக் காலர் மடிந்திருந்ததை நிமிர்த்தி விட்டது.

"கொண்டு போங்கப்பா," என்றது. "பார்த்துப் போங்க. ரோட்டைத் தாண்டறப்ப ரெண்டு பக்கமும் பாருங்க."

பஸ்ஸில் வரும்போதே ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு வந்தேன். உங்க அம்மா மாதிரியே இருக்க. நாலே வார்த்தை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்ததும், "உதடு இன்னும் மரத்துத்தான் இருக்கா?" என்று வந்தது.

"இருக்கு," என்றது பிள்ளை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது.

கொஞ்ச நேரம் நின்றேன். வழியில் நிற்கிறீர்கள் பெரியவரே என்று எவனோ தோளை இடித்துக்கொண்டு போனான், போனைப் பார்த்துக்கொண்டே. பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். பை கனத்தது. வலது கையிலிருந்து இடது கைக்கு, இடது கையிலிருந்து வலது கைக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டு பிரேமை நிமிர்த்தினாளே, அது எந்த முன் அச்சிலும் கிடையாதுதான். இருக்கட்டும். அந்த உதடு என்ன ஆனது? முதலில் எப்படி இருந்தது என்று நாளைக்கு எவனாவது கேட்டால் யாரிடம் போவார்கள்? என்னிடம்தான் வர வேண்டும். நான் செய்தது தப்பு என்று இதுவரை எவனும் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. பஸ் வந்தது, கூட்டமாக இருந்தது. ஏறவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனேன்.